மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில்: மூன்று வகை இழுவையும் ஒரு பயணச்சீட்டும்

சென்னையிலிருந்து உதகமண்டலத்துக்கு முழுவதும் ரயிலிலேயே செல்ல முடிவெடுப்பவர், இரவு தொடங்கி மறுநாள் நண்பகலுக்குள் ரயில் இழுவையின் மூன்று முறைகளையும் பார்த்துவிடுகிறார். மேட்டுப்பாளையம் வரை நீலகிரி எக்ஸ்பிரஸை மின்சார என்ஜின் இழுத்து வருகிறது. அங்கிருந்து குன்னூர் வரை நீராவி என்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மலையேறுகிறது. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினைப் பூட்டுகிறார்கள். மலை ரயிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சுரங்கங்களையும் பள்ளத்தாக்குகளையும் தேயிலைத் தோட்டங்களையும் வர்ணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் வண்டியின் வேகம், பெட்டிகளின் எண்ணிக்கை, இடம் கிடைப்பதன் அருமை, பயணத்தின் சத்தமும் மணமும் என எல்லாவற்றையும் தீர்மானிப்பது எந்த என்ஜின் பூட்டியிருக்கிறது என்பதே. எனவே இந்தச் சேவையை இழுவையின் கோணத்திலிருந்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

மின்சாரப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதுவே அதற்கான பாராட்டு. தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை எடுத்துக்கொண்டு ஓடும் என்ஜின், எரிபொருளையும் சுமப்பதில்லை, தண்ணீரையும் சுமப்பதில்லை. இன்று எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பரவலாகக் காணப்படும் டபிள்யூஏபி-7 வகை என்ஜின் ஆறாயிரம் குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. பிரேக் போடும்போது மோட்டார்களையே ஜெனரேட்டர்களாக மாற்றி, மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பவும் செய்கிறது. தென்னிந்திய ரயில்வேக்கு மின்சார இழுவை புதிதன்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட பாதை) வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. இரவு முழுவதும் தூங்கிவிட்டு விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்குபவருக்கு, தன்னை இழுத்து வந்த என்ஜின் நினைவில்கூட நிற்காது.

மேட்டுப்பாளையம் நிலையத்தில் அகலப் பாதை முடிகிறது. மீட்டர் கேஜ் தொடங்குகிறது. காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயில், ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து உதகையை அடைய ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் இதைவிட மிக விரைவாகப் போய்விடலாம் என்பதால், அவசரம் உள்ளவர்களுக்கான சேவை இதுவன்று.

முதல் எட்டு கிலோமீட்டர், அதாவது கல்லாறு வரை, பாதை ஏறக்குறையச் சமவெளிதான். இங்கு எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜின், மற்ற நீராவி என்ஜின்களைப் போலவே, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வை மட்டும் நம்பி ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டப்பட்ட இரட்டை இரும்புச் சட்டம் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இரண்டு சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருப்பதால், என்ஜினின் பல்சக்கரத்துக்கு எந்த நேரத்திலும் பிடிமானம் அறுபடுவதில்லை. அங்கிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் வண்டி சுமார் 1,300 மீட்டர் உயரம் ஏறுகிறது. செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயர வேண்டும். சமவெளியில் நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றமே பொறியாளர்களைக் கவலைப்படவைக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த 12-க்கு 1 என்னவென்று விளங்கும். இத்தகைய ஏற்றத்தில் வழவழப்பான இரும்புச் சக்கரம், அதிலும் மழைநாளில், இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

எக்ஸ் வகுப்பு என்ஜினின் நுட்பம் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. ரயில் ஆர்வலர்கள் இந்தப் பயணத்துக்குத் தரும் விலையில் பாதி இதற்காகவே என்பேன். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்த எஸ்.எல்.எம். நிறுவனம் 1914 முதல் இவற்றைக் கட்டத் தொடங்கியது. கடைசித் தொகுதி 1952-இல் வந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் வீதம் மொத்தம் நான்கு உள்ளன. சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்து வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பல்சட்டம் தொடங்கியதும், கீழ்ச் சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டர்களுக்குள் திருப்பிவிடப்படுகிறது. அங்கே அது இரண்டாம் முறையாக விரிந்து பல்சக்கரங்களை இயக்குகிறது. ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டால், மிகுந்த விசை தேவைப்படும் இடத்தில் எரிபொருளும் தண்ணீரும் மிச்சமாகின்றன. பக்கவாட்டிலிருந்து கவனித்தால் மேலே ஒரு தண்டும் கீழே ஒரு தண்டும் வெவ்வேறு வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில் சுழல்வது தெரியும். வண்டி தண்ணீருக்காக நிற்கும் இடங்களில் இறங்கி, மீண்டும் நகரத் தொடங்கும்போது இதைப் பாருங்கள். ஆனால் கார்டின் விசில் கேட்டபின் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

தண்ணீர் நிறுத்தங்கள் பலருக்குச் சலிப்பூட்டுகின்றன. நீராவி இழுவையின் அடிப்படைக் குறை அது. எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இழுவையாக மாறுவதில்லை. மீதி புகைபோக்கி வழியாக வெப்பமாகவும் வீணாகும் நீராவியாகவும் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற இடங்களில் தொட்டியை மறுபடி நிரப்பியாக வேண்டும். பல்சட்டப் பகுதியில் வேகமும் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில்தான். இழுக்கும் பெட்டிகளும் மூன்று, நான்கு என்ற கணக்கைத் தாண்டுவதில்லை. பயணச்சீட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருப்பதற்கு நிர்வாகத்தைக் குறை சொல்பவர்கள், இந்த இழுவைத் திறனின் எல்லையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் பெட்டி ஒன்றைச் சேர்ப்பது சமவெளியில் சாதாரணம். 12-க்கு 1 ஏற்றத்தில் அது கூடுதல் என்ஜின் ஒன்றைச் சேர்ப்பதற்குச் சமம்.

என்ஜின் எப்போதும் இறக்கத்தின் பக்கமே நிற்கிறது. ஏறும்போது தள்ளுகிறது, இறங்கும்போது தாங்குகிறது. இணைப்பு அறுந்தால் பெட்டிகள் மலைச்சரிவில் உருண்டு ஓடிவிடாமலிருக்க இந்த ஏற்பாடு. பயணிக்கு இதனால் ஓர் ஆதாயம் உண்டு: மேலே போகும்போது முன்புறப் பெட்டிக்கு எதிரே புகையோ என்ஜினோ இல்லாமல் பாதை திறந்து கிடக்கிறது. ஆகவே முதல் பெட்டியின் முன்வரிசைக்குக் கிராக்கி அதிகம். என்ஜின் சத்தத்தை விரும்புபவர்களோ கடைசிப் பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வளைவிலும் நான்கு சிலிண்டர்களின் மூச்சு காதுக்கருகிலேயே கேட்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, விசிலுக்கும் கொடிக்கும் ஏற்பக் கையால் பிரேக்கை இயக்குகிறார். ஓட்டுநர் ஒருவரே முழு வண்டியையும் நிறுத்திவிடும் காலத்தில், இத்தனை பேர் கூடிச் செலுத்தும் வண்டி இது என்பதும் செலவுக் கணக்கில் சேரும்.

உலையில் எரிவது நிலக்கரியா எண்ணெயா என்பது ரசிகர்களிடையே இன்னும் ஓயாத விவாதம். பழைய என்ஜின்கள் நிலக்கரியில் ஓடியவை. பிற்காலத்தில் சில என்ஜின்கள் ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றப்பட்டன; திருச்சி பொன்மலைப் பணிமனை, எண்ணெயில் இயங்கும் புதிய எக்ஸ் வகுப்பு என்ஜின்களையே 2010-களில் கட்டிக் கொடுத்தது. ஆயினும் 2021-இல் அதே பணிமனை 37400 என்ற எண் கொண்ட நிலக்கரி என்ஜின் ஒன்றையும் புதிதாக உருவாக்கியது. உலகெங்கும் நீராவி என்ஜின்களைக் காட்சிக்கூடத்தில் நிறுத்திக்கொண்டிருக்கும் காலத்தில், அரசுப் பணிமனை ஒன்று பாய்லரிலிருந்து பல்சக்கரம் வரை புதிதாகச் செய்து பாதையில் இறக்கியது என்பது சாதாரணச் செய்தியன்று. பொன்மலைத் தொழிலாளர்களுக்கு அதற்குரிய பாராட்டு போதுமான அளவு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பயணியின் நோக்கில் என் வாக்கு எண்ணெய்க்கே. எண்ணெயைக் குழாய்வாயைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். ஏற்றம் கடினமாகும் இடத்தில் உடனே வெப்பத்தை உயர்த்த முடிவதால், பாய்லரில் அழுத்தம் போதாமல் நடுவழியில் நின்று மூச்சு வாங்கும் தொல்லை குறைகிறது. நிலக்கரியில் இது ஃபயர்மேனின் தோள்வலிமையையும் அன்றைக்கு வந்த கரியின் தரத்தையும் பொறுத்தது. சாம்பல் மிகுந்த கரியைக் கொண்டு இந்த ஏற்றத்தில் அழுத்தத்தைத் தக்கவைப்பது கடும் வேலை. எண்ணெய் என்ஜினில் கரித்தூள் கண்ணில் விழாது. காய்ந்த கோடையில் பாதையோரக் காட்டில் தீப்பொறி விழும் அச்சமும் நீங்குகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் சருகு மூடிக் கிடக்கும் அந்தச் சரிவுகளைப் பார்த்தவர்கள் இதைச் சிறிய விஷயமாக நினைக்கமாட்டார்கள். எண்ணெயிலும் காற்றுப் போக்கு சரியாக அமையாவிட்டால் தார் நிறப் புகை கிளம்பும்; பர்னரின் இடைவிடாத உறுமல், நிலக்கரி என்ஜினின் ஒழுங்கான தாளத்தைச் சற்றுக் கெடுக்கவும் செய்கிறது. கரி எரியும் மணத்துக்காகவே வருபவர்களுக்கு எண்ணெய் என்ஜின் ஏமாற்றம் தரலாம். அவர்களுக்காக ஒரு நிலக்கரி என்ஜினைக் குறிப்பிட்ட நாட்களில், முன்னறிவிப்புடன் ஓட்டுவதே நியாயமான வழி.

எண்ணெயே மேல் என்ற இந்த முடிவுக்கு இந்தியா மட்டும் வரவில்லை. எக்ஸ் வகுப்பைக் கட்டிய அதே வின்டர்தூர் நிறுவனம், 1990-களில் சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்டார்ன் மலை ரயிலுக்காக இலகு எண்ணெயில் இயங்கும் புதிய பல்சட்ட நீராவி என்ஜின்களைக் கட்டியது. அவற்றை ஒரே ஆள் ஓட்ட முடியும். இரவில் மின்சாரத்தால் பாய்லரைச் சூடாக வைத்திருப்பதால் காலையில் மணிக்கணக்கில் தீ மூட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. மறுபுறம், 1882-இல் நீலகிரிக்கு வந்து இந்தப் பாதைக்குத் திட்டம் சொன்ன சுவிட்சர்லாந்துப் பொறியாளர் நிக்லாஸ் ரிகன்பாக், தன் நாட்டில் 1871-இல் திறந்த ரிகி மலைப் பாதையோ 1937-லேயே மின்மயமாகிவிட்டது. மின்சாரம் வந்ததும் ரிகியில் வேகம் கூடியது, செலவு குறைந்தது. நீலகிரியையும் மின்மயமாக்கினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. பதினாறு சுரங்கங்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவுகளுக்கேற்ப வெட்டப்பட்ட பாறை வழிகளும், ஆண்டுதோறும் மண்சரிவும் கொண்ட பாதையில் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுப்பதற்கு ஆகும் செலவு ஒருபுறம். 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதைக்கு உலகப் பாரம்பரியத் தகுதி அளித்ததன் பொருளே அதனால் பாதி போய்விடும் என்பது மறுபுறம். ஹைட்ரஜனில் பாரம்பரிய ரயில்களை ஓட்டும் திட்டத்தை இந்திய ரயில்வே 2023-இல் அறிவித்திருக்கிறது. சமமான கிளைப்பாதைகளில் அது பயன்படலாம். பல்சட்டத்தின் மேல் அதைக் கற்பனை செய்ய எனக்குத் தெம்பில்லை.

குன்னூரை வண்டி பத்தரை மணி அளவில் அடைகிறது. பல்சட்டம் இங்கே முடிவதால் நீராவி என்ஜினும் விடைபெறுகிறது. அதன் இடத்துக்கு வரும் ஒய்டிஎம்-4, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்து 1960-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, பின்னர் வாராணசியிலும் கட்டப்பட்ட மீட்டர் கேஜ் டீசல் என்ஜின். ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 1,350 குதிரைத்திறன். டீசல் என்ஜின் நேரடியாகச் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, அந்த மின்சாரம் ஆறு அச்சுகளிலும் உள்ள மோட்டார்களை இயக்குகிறது. அந்த வகையில் பார்த்தால் இதுவும் மின்சார என்ஜினே. மின் நிலையத்தைத் தன்னோடு சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையாவது பயனாக்கிவிடுகிறது, தண்ணீருக்கு நிற்பதில்லை, காலையில் பித்தானை அழுத்தியதும் உயிர் பெறுகிறது. தென்னகத்தின் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாறியபின், இந்த என்ஜின்களுக்கு எஞ்சியிருக்கும் ஒருசில இடங்களில் இதுவும் ஒன்று.

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே 1908-இல் நீட்டிக்கப்பட்ட இந்தப் பகுதியில் ஏற்றம் 25-க்கு 1 என்ற அளவில் இருப்பதால், வெறும் உராய்வே போதுமானது. ஆறு அச்சுகளிலும் எடை பரவியுள்ள, எழுபது டன்னுக்கு மேல் கனக்கும் என்ஜினுக்கு இது சிரமமான வேலையன்று. ஆகவே இந்தப் பகுதியில் டீசலை வைத்தது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. கேத்திப் பள்ளத்தாக்கின் அடுக்கடுக்கான காய்கறிப் பாத்திகளையும் லவ்டேல் அருகே திறக்கும் வெளியையும் இரைச்சல் குறைந்த பெட்டியிலிருந்து பார்ப்பது, புகைக்கு நடுவே பார்ப்பதைவிட மேல். நாளொன்றுக்குப் பல முறை வண்டி ஓட முடிவதும், அருவங்காடு, வெலிங்டன் பகுதி மக்கள் சாதாரணப் பயணத்துக்கும் இதைப் பயன்படுத்த முடிவதும் டீசலால்தான்.

குறை இருப்பது என்ஜினில் இல்லை. அதைப் பற்றிய அறிவிப்பில். மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் கிடைக்காத சுற்றுலாப் பயணிகள், குன்னூர் – உதகைக்கான சீட்டை எடுத்துக்கொண்டு நீராவி என்ஜினை எதிர்பார்த்து வருகிறார்கள். சீட்டிலும் எந்த இழுவை என்று இருப்பதில்லை. நடைமேடையில் டீசலைப் பார்த்ததும் குழந்தைகளின் முகம் வாடுவதும் பெரியவர்கள் நிலைய ஊழியர்களிடம் சண்டைக்குப் போவதும் தவிர்க்கக்கூடியவை. முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரி போதும்: குன்னூர் வரை நீராவி, அதற்கு மேல் டீசல். கட்டணத்தைப் பொறுத்தவரை, முழுத் தொலைவுக்கும் முதல் வகுப்புக்கு 600 ரூபாய், இரண்டாம் வகுப்புக்கு 295 ரூபாய் என்ற அளவு, இந்த என்ஜின்களைப் பராமரிக்க ஆகும் உழைப்போடு ஒப்பிட்டால் மலிவே. பெட்டிகளில் கழிப்பறை இல்லை என்பதை முதியோரோடு செல்பவர்கள் முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும். நிறுத்தங்களில் உள்ள வசதிகளும் சுமார்தான்.

முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்பு திறக்கப்படும்போதே கோடைக்காலத் தேதிகள் நிரம்பிவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவால் சேவை நாட்கணக்கில் ரத்தாவது வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் மலை ரயிலை நம்பி மற்ற ஏற்பாடுகளை நெருக்கமாக வைத்துக்கொள்வது நல்லதன்று. தை, மாசி மாதங்கள் தோதானவை. குளிர்ந்த காற்றில் நீராவி வெண்பஞ்சாகத் திரண்டு நிற்பதால் படமெடுப்பவர்களுக்கும் அதுவே நல்ல பருவம்.

மேலே போகும் வண்டியில் இடம் கிடைக்காவிட்டால், பிற்பகல் இரண்டு மணிக்கு உதகையிலிருந்து கீழிறங்கும் வண்டியைப் பாருங்கள். அதற்குப் போட்டி சற்றுக் குறைவு. பயணமும் மூன்றரை மணி நேர அளவே. நீராவி என்ஜினின் இன்னொரு முகத்தை அதில்தான் காண முடியும். இறக்கத்தில் நீராவியால் இழுக்க வேண்டிய வேலை இல்லை, தடுக்கும் வேலைதான். சிலிண்டர்களில் காற்றை அமுக்கி, அந்த எதிரழுத்தத்தையே பிரேக்காகப் பயன்படுத்தும் முறை, ரிகன்பாக் வகுத்தது, இந்த என்ஜின்களில் இருக்கிறது. சக்கரக் கட்டைகள் தேய்ந்து சூடேறாமல் முழு வண்டியின் பாரத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. குன்னூரில் டீசல் கழன்று நீராவி பூட்டியதும் என்ஜினுக்கு அடுத்த பெட்டிக்கு நகர முடிந்தால் நகர்ந்துகொள்ளுங்கள். ரன்னிமேட்டுக்குக் கீழே, ஏறும்போது கேட்ட மூச்சுக்கு நேர்மாறான, அடக்கிப் பிடித்த சீறலை அங்கிருந்து தெளிவாகக் கேட்கலாம். மாலை ஐந்தரை மணி அளவில் மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடுவதால், இரவு சென்னை வண்டிக்கு முன் சாப்பிட்டு முடிக்கவும் நேரம் இருக்கும்.